மீட்டருக்குப் பின்னால் இருக்கும் நீரை ஆராய யார் பணம் தருவது?

ஒரு வாசகரின் கேள்வி
பிப்ரவரி 3

நீர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் பணம் வீண் என்பது என் கருத்து. அணை, குழாய், தொட்டி, சுத்திகரிப்பு எல்லாமே பழைய தொழில்நுட்பம். கட்டடங்களுக்குள் நீர் எப்படி ஓடுகிறது என்பது பொறியாளர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அந்தப் பணத்தில் பழுதான குழாய்களை மாற்றினால் மக்களுக்கு உடனே பலன் கிடைக்குமே? ஆராய இன்னும் என்ன மிச்சமிருக்கிறது?

பிப்ரவரி 3, இரவு

நீர் மீட்டரைத் தாண்டிக் கட்டடங்களுக்குள் ஓடும் நீரைப் பற்றிய பகுதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு பெரிய குழாய் வேண்டும் என்று கணக்கிடப் பல நாடுகளின் விதிநூல்கள் இன்றும் நம்பியிருப்பது, ராய் ஹண்டர் என்பவர் அமெரிக்க அரசின் தர அளவை ஆய்வகத்தில் இருந்தபடி 1940இல் வெளியிட்ட அறிக்கையைத்தான். ஒரு கட்டடத்தில் உள்ள எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் திறக்கப்படுவதில்லை என்பதை அவர் நிகழ்தகவுக் கணக்காக மாற்றினார். பரபரப்பான வேளையிலும் தேவை நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் குழாயின் திறனைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார். பொதுப் பணத்தில் நடந்த மிக நேர்த்தியான ஆராய்ச்சி அது.

அதன் பிறகு நடந்ததுதான் வருத்தத்துக்குரியது. 1980களில் அமெரிக்கக் கழிப்பறை ஒன்று ஒரு முறை ஃப்ளஷ் செய்ய ஏறத்தாழ 13 லிட்டர் எடுத்துக்கொண்டது. 1992ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் அதை 6 லிட்டராக்கியது. ஷவரும் கைகழுவும் குழாயும் சிக்கனமாயின. குழாய் அளவைத் தீர்மானிக்க ஹண்டர் தன் கணக்கிலிருந்து வரைந்த வளைகோடு மட்டும் அப்படியே நின்றது. புதிய அளவீடுகளின் அடிப்படையில் அமைந்த கணக்கீட்டு முறை ஒன்று அமெரிக்க விதிநூல் ஒன்றில் பின்னிணைப்பாக இடம்பெற 2018ஆம் ஆண்டுப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் குடியிருப்புகளுக்கு மட்டும். மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் ஆகியவற்றுக்கு அப்படிப்பட்ட அளவீடுகள் போதுமான அளவில் இல்லை. அளக்கும் முறை தெரியாததால் ஏற்பட்ட இடைவெளி அல்ல இது. ஆயிரக்கணக்கான குழாய்களில் மீட்டர் பொருத்தி ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும் வேலைக்கு யாரும் பணம் ஒதுக்காததால் ஏற்பட்டது.

பிப்ரவரி 5

குழாய் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் என்ன நஷ்டம், கொஞ்சம் கூடுதல் செலவுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நஷ்டம் நீரின் வயதில் இருக்கிறது. குழாயின் உள்விட்டம் ஒன்றரை மடங்கானால் அதில் தேங்கும் நீர் 2.25 மடங்காகும். அதே நேரத்தில் பயன்பாடு பாதியாகக் குறைந்திருந்தால், நீர் குழாய்க்குள் கழிக்கும் நேரம் 4.5 மடங்காகும். அந்த நேரத்தில் குளோரின் கரைந்து மறைகிறது. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் தேங்கும் நீரில் லெஜியனெல்லா நுண்ணுயிரி பெருகும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய நிமோனியாவுக்கு அதுதான் காரணம் என்று மறு ஆண்டு கண்டறியப்பட்டது. ஊருக்குள் வரும் நீர் தூய்மையாக இருந்தும் கட்டடத்துக்குள் அது கெடக்கூடும் என்பதை அதன் பின் யாரும் மறுக்கவில்லை, மறுக்காததோடு நின்றுவிட்டது.

நான் கட்டடச் சேவைகள் துறையில் கற்பிக்கிறேன். மாணவர்களுடன் பல மாடி விடுதி ஒன்றில் மீட்டர்கள் பொருத்திக் கண்காணித்த காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். கீழ்நிலைத் தொட்டிக்குள் வரும் நீரில் குளோரின் சோதனை மாத்திரையை நசுக்கிப் போட்டால் நல்ல இளஞ்சிவப்பு வரும். மேல்நிலைத் தொட்டியின் வெளிக்குழாயில் அந்த நிறம் வெளிறிவிடும். தாழ்வாரக் கடைசியில், பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் குளியலறையில் பிடித்த நீரில் எத்தனை முறை குலுக்கினாலும் நிறமே வராது. ஒரே கட்டடம், ஒரே நாள், ஒரே நீர். நகரின் நீர்த்தர அறிக்கையில் இந்த மூன்றில் முதலாவது மட்டுமே இடம்பெறும்.

பிப்ரவரி 6

அந்த விடுதியைப் பற்றி இன்னொன்று. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் மீட்டர் ஓட்டம் பூஜ்யத்தைத் தொடும் என்று எதிர்பார்த்தோம். ஒரு நாளும் தொடவில்லை. கழிப்பறைத் தொட்டிகளில் அடி ரப்பர் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத இழையாக நீர் பீங்கானில் வழிந்துகொண்டே இருந்தது. பிளம்பர் பீங்கானின் பின்சுவரில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அது நனைவதைக் காட்டினார். பிரச்சினையைக் கண்டுபிடித்தது மீட்டர். இடத்தைக் கண்டுபிடித்தது அவர். ஆனால் ஆய்வு நிதியின் வரவுசெலவுப் பட்டியலில் மீட்டருக்கு ஒரு தலைப்பு இருந்தது. பிளம்பரின் கூலிக்கு எந்தத் தலைப்பும் இல்லை.

பிப்ரவரி 9

இப்போது பணத்தின் போக்கைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு. 2000களின் பெரும் வறட்சியில் பிரிஸ்பேனைச் சுற்றிய பகுதியின் அணைகள் வற்றியபோது, மாநில அரசும் தேசிய அறிவியல் நிறுவனமும் இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நகர நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூட்டமைப்பு ஒன்றை 2007இல் தொடங்கின. ஐந்து ஆண்டுகளுக்கு 5 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதே காலத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் மேற்குத் தடத் திட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ 250 கோடி டாலர் செலவானது. கட்டுமானத்துக்கு நூறு ரூபாய் என்றால் ஆராய்ச்சிக்கு இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு மழை வந்தது. 2009இல் இயங்கத் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010 டிசம்பரில் காத்திருப்பு நிலைக்குப் போனது. 2011 ஜனவரியில் பிரிஸ்பேன் வெள்ளத்தில் மூழ்கியது. கூட்டமைப்பு 2012இல் முடிந்தது. வீடுகளில் எந்தக் குழாயில் எவ்வளவு நீர் போகிறது, மழைநீர்த் தொட்டிகள் நடைமுறையில் எவ்வளவு மிச்சப்படுத்துகின்றன போன்ற மிகப் பயனுள்ள அளவீடுகள் அந்த ஐந்து ஆண்டுகளில் கிடைத்தன. வறட்சிக் கட்டுப்பாடுகள் நீங்கிய பின் மக்களின் பழக்கம் எவ்வளவு காலம் சிக்கனமாக நீடிக்கிறது என்பதுதான் அடுத்த வறட்சிக்குத் திட்டமிடுபவருக்குத் தேவைப்படும் எண். அதை அளக்க, மழை பெய்துகொண்டிருக்கும் ஆண்டுகளிலும் பணம் வர வேண்டும்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதற்கு வந்த மறுப்பு நியாயமானது: அந்தக் கூட்டமைப்பு தொடங்கும்போதே ஐந்து ஆண்டுத் திட்டமாகத்தான் அறிவிக்கப்பட்டது, ஆகவே மழை வந்ததால் நிறுத்தினார்கள் என்று பொருள் வரும்படி சொல்லக் கூடாது. ஒத்துக்கொள்கிறேன். நான் அழுத்த விரும்பியது வேறு. ஐந்து ஆண்டு என்று தீர்மானித்ததே வறட்சியின் மனநிலைதான். கட்டடத்தின் ஆயுள் அறுபது ஆண்டு, தரைக்கடியில் உள்ள குழாயின் ஆயுள் அதைவிடக் கூடுதல். ஆய்வுத் திட்டத்தின் ஆயுள் மூன்று அல்லது ஐந்து. ஆளெடுக்க ஒரு ஆண்டு, கட்டட உரிமையாளரிடம் அனுமதி வாங்கி மீட்டர் பொருத்த இன்னொரு ஆண்டு. நம்பத் தகுந்த தரவு வரத் தொடங்கும்போது இறுதி அறிக்கை எழுத வேண்டிய நேரம் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 14

நீர்ப் பாதுகாப்பில் பலன் தந்த ஆராய்ச்சியெல்லாம் புதிய நீர் ஆதாரங்களைப் பற்றியதுதான், கட்டட ஆராய்ச்சி எதையும் சாதித்ததில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியில் உண்மை உண்டு. உவர்நீரை அழுத்தத்தால் மெல்லிய சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையின் வரலாற்றைப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1952இல் உவர்நீரை நன்னீராக்கும் ஆராய்ச்சிக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அந்தப் பணத்தில் ஃபுளோரிடாவில் சார்லஸ் ரீட், செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு உப்பைத் தடுக்கும் என்று காட்டினார். ஆனால் நீர் மிக மெதுவாகச் சொட்டியது. மாநில அரசின் பணத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் வேலை செய்த சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் இருவரும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தச் சவ்வைத் தயாரிக்கும் முறையை மாற்றி, நீரோட்டத்தைப் பன்மடங்காக்கினார்கள். 1965இல் கோலிங்கா என்ற சிற்றூரில் சோதனை நிலையம் குடிநீர் தந்தது. 2003இல் சிங்கப்பூர், கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் தன் நியூவாட்டர் நிலையங்களைத் திறந்தபோது அவற்றுக்குள் இருந்ததும் இதே கொள்கைதான்.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, சட்டம் வந்த ஆண்டுக்கும் குடிநீர் வந்த ஆண்டுக்கும் இடையில் இருந்த பொறுமையை. பதின்மூன்று ஆண்டுகள் பொதுப் பணம் நிற்காமல் வந்தது. கட்டடங்களுக்குள் இருக்கும் நீருக்கு அப்படியொரு பொறுமை காட்டப்பட்டதை நான் பார்த்ததில்லை. பலன் தரவில்லை என்று சொல்வதற்கு முன் அதற்கு ஒரு முறையாவது அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 15

ஏன் கொடுக்கப்படுவதில்லை என்று கேட்டவருக்கு. சில ஆண்டுகள் நிதி மதிப்பீட்டுக் குழுக்களில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். கட்டடக் குழாய்களில் நீரின் தரம் பற்றிய முன்மொழிவு ஒன்று வந்தால், நீரியல் குழு அதைக் கட்டடக்கலைக்கு அனுப்பும். கட்டடக்கலைக் குழு இது பொதுச் சுகாதாரம் என்னும். சுகாதாரக் குழு இது பிளம்பிங் என்று சொல்லி முடிக்கும். ஒவ்வொரு குழுவும் நேர்மையாகத்தான் சொல்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றின் வரையறையும் கட்டடத்தின் வாசலில் முடிகிறது. ஒரு நிதி நிறுவனத்தில் ஒரே முன்மொழிவு இப்படி மூன்று மேசைகளைச் சுற்றிவிட்டு, மதிப்பெண் போடப்படாமலே திரும்பியதைக் கண்டேன்.

2020இல் உலகெங்கும் அலுவலகங்களும் பள்ளிகளும் மாதக்கணக்கில் மூடப்பட்டபோது இதன் விலை தெரிந்தது. மறுபடி திறக்கும் முன் குழாய்களை எவ்வளவு நேரம் திறந்துவிட வேண்டும் என்ற எளிய கேள்விக்கு, அளவீட்டின் அடிப்படையில் பதில் சொல்லக்கூடிய ஆய்வுகள் மிகச் சிலவே இருந்தன. ஆளுக்கொரு வழிகாட்டி வெளியிட்டார்கள். சில இடங்களில் ஐந்து நிமிடம், சில இடங்களில் கட்டடத்தின் எல்லாக் குழாய்களிலும் தேங்கிய நீர் முழுதும் வெளியேறும் வரை.

பிப்ரவரி 20

அரசு தராவிட்டால் வேறு யார்? இதற்கு உலகில் நல்ல மாதிரிகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் குடிநீர் நிறுவனங்கள் சேர்ந்து கேடபிள்யூஆர் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் உரிமையாளர்களாக இருக்கின்றன. கூட்டு ஆராய்ச்சித் திட்டத்துக்கு எல்லோரும் பங்கு போடுகிறார்கள். அங்கிருந்து மிர்யம் ப்ளோக்கர் உருவாக்கிய சிம்டியம் என்ற மாதிரி, ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது எழுகிறார்கள், எந்தெந்தச் சாதனங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பவற்றிலிருந்து ஒவ்வொரு வினாடியின் நீர்த் தேவையையும் கணிக்கிறது. தெருக் குழாய்களைச் சிறிதாக்கி, நாள்தோறும் ஓடும் நீரின் வேகமே வண்டலை அடித்துச் செல்லும்படி அந்நாட்டில் வடிவமைக்கிறார்கள். ஹண்டர் விட்ட இடத்திலிருந்து அளவீட்டின் வழியாக நடந்த முன்னேற்றம் என்று இதைச் சொல்வேன்.

அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய நீர் ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநீர் வாரியங்களின் சந்தாவில் நடக்கிறது. அது 1999இல் வெளியிட்ட வீட்டு நீர்ப் பயன்பாட்டு ஆய்வு ஏறத்தாழ 1,200 வீடுகளில் ஒவ்வொரு பயன்பாட்டையும் பிரித்து அளந்தது. அதை மறுபடி செய்து 2016இல் வெளியிட்டபோது, வீட்டுக்குள் பயன்படும் நீர் 22 விழுக்காடு குறைந்திருந்தது தெரிய வந்தது. அந்த ஒற்றை எண் எத்தனையோ நகரங்களின் விரிவாக்கத் திட்டங்களைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கும். இரண்டு ஆய்வுகளுக்கும் ஒரே அமைப்பு பொறுப்பேற்றதால்தான் ஒப்பீடு சாத்தியமானது.

உற்பத்தியாளர்களின் பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை முற்றிலும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் வடிகட்டி விற்பவர் பணத்தில் நடக்கும் ஆய்வு, வடிகட்டி தேவைப்படாத கட்டடங்களை ஒருபோதும் தேடிப் போகாது. முடிவை வெளியிடும் உரிமை பல்கலைக்கழகத்திடம் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம்.

பிப்ரவரி 21

சந்தா மாதிரியைப் புகழ்ந்ததற்கு ஒரு எல்லையும் உண்டு என்பது எழுதி முடித்தபின் தோன்றியது. குடிநீர் வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது; அதன் சந்தாவும் பெரும்பாலும் மீட்டர் வரைக்குமான கேள்விகளுக்கே போகும். அப்பால் இருப்பது கட்டட உரிமையாளரின் சொத்து. இப்படி ஆராய்ச்சிக்குச் சந்தா திரட்டும் சங்கம் அவர்களுக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சந்தா கட்டும் வாரியமே இல்லாத ஏழை நாடுகளில் இந்த மாதிரியை நினைக்கவும் முடியாது.

மார்ச் 1

ஏழை நாடுகளுக்குப் பன்னாட்டு நிதி இருக்கிறதே என்று சொன்னவருக்கு ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறேன். பிரிட்டன் 2019 ஜனவரியில் உலகச் சவால்களுக்கான ஆராய்ச்சி நிதியிலிருந்து 12 ஆராய்ச்சி மையங்களுக்கு 20 கோடி பவுண்டு அறிவித்தது. அவற்றில் ஒன்று நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையேற்ற நீர்ப் பாதுகாப்பு மையம். கொலம்பியா, எத்தியோப்பியா, இந்தியா, மலேசியா ஆகிய நாடுகள் பங்கேற்றன. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு அறிவுரை வழங்கும் பழைய முறையிலிருந்து விலகி, அந்தந்த நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்த நினைத்த நல்ல திட்டம். பின்னர் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆய்வுகளுக்கும் கையில் இருந்த பணத்துக்கும் இடையில் 12 கோடி பவுண்டு பற்றாக்குறை என்று 2021 மார்ச்சில் ஆய்வாளர்களுக்குக் கடிதம் போனது. ஓடிக்கொண்டிருந்த திட்டங்கள் பாதியில் செலவைக் குறைக்க வேண்டியதாயிற்று.

களத்தில் இதற்கு என்ன பொருள் என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் உணர்வதில்லை. மீட்டரின் மின்கலம் தீர்ந்தால் தரவில் ஓட்டை விழும்; அந்த மாதம் திரும்ப வராது. அதைவிடப் பெரிய இழப்பு, கதவைத் திறந்துவிட்ட குடும்பங்களின் நம்பிக்கை. ஒரு வீட்டின் நீர் ஓட்டத்தை நிமிடக் கணக்கில் பதிவு செய்தால், அவர்கள் எப்போது எழுகிறார்கள், எப்போது வீட்டில் இல்லை என்பதெல்லாம் அதில் தெரியும். அவ்வளவையும் ஒப்படைத்தவர்களிடம் பாதியில் சொல்லாமல் போய்விட்டு, அடுத்த திட்டத்தோடு மறுபடி கதவைத் தட்ட முடியாது.

மார்ச் 4

குழாயை மாற்றுங்கள், ஆராய்ச்சி வேண்டாம் என்ற முதல் கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதற்கான மிகத் தெளிவான பதில் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் இருக்கிறது. 2014 ஏப்ரலில் அந்நகரம் தன் நீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் வீடுகளுக்குள் வந்தது. அதே காலத்தில் லெஜியனெல்லா நோயில் 12 பேர் இறந்தார்கள். வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு, கையில் இருந்த பணத்தையும் பின்னர் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை விரைவு நிதியாகக் கொடுத்ததையும் வைத்து, குடியிருப்போரிடம் மாதிரிப் புட்டிகள் கொடுத்து நீர் சேகரிக்கச் செய்தது. 2015 அக்டோபரில் நகரம் பழைய ஆதாரத்துக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு, நீங்கள் கேட்டபடியே, குழாய் மாற்றப் பெரும் பணம் வந்தது. எந்த வீட்டுக்கடியில் ஈயம், எதில் தாமிரம் என்ற பதிவுகள் ஒழுங்காக இல்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருந்த ஆவணங்களிலிருந்து கணித்து, எங்கே தோண்டலாம் என்று பட்டியல் தந்தார்கள். அதைப் பின்பற்றிய 2017இல் பார்த்த வீடுகளில் பத்துக்கு ஏழில் மாற்ற வேண்டிய குழாய் இருந்தது. 2018இல் பணி வேறு கைக்கு மாறி, அந்தப் பட்டியல் ஓரங்கட்டப்பட்டபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைத் தோண்டியும் ஈயம் கிடைத்தது சுமார் 15 விழுக்காட்டில்தான். மற்ற இடங்களில் நல்ல தாமிரக் குழாயைப் பார்த்துவிட்டு மண்ணைத் திரும்பப் போட்டார்கள். குழாய்க்கான பணத்தில் வீணானது, அந்தக் கணிப்பை உருவாக்க ஆன செலவைவிட எவ்வளவோ பெரியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மார்ச் 5

அப்படியானால் விரைவு நிதி போதுமே, நீண்ட நிதி எதற்கு என்று கேட்கிறார்கள். எட்வர்ட்ஸ் குழுவால் சில வாரங்களில் செயல்பட முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன் பல ஆண்டுகளாக அவர் குழாய் அரிப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தது. ஆய்வகமும் பழகிய மாணவர்களும் முன்பே தயாராக இருந்தார்கள். விரைவு நிதி அந்தத் தயாரிப்பைப் பயன்படுத்தியது, அதை உருவாக்கவில்லை.

மார்ச் 11

என் நிலையை ஒரே இடத்தில் சொல்லும்படி ஆய்வு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பெரிய மையங்களுக்கும் புதிய கருவிகளுக்கும் போகும் நிதியில் ஒரு சிறு பகுதியைப் பிரித்து, பல வகைக் கட்டடங்களில் குறைந்தது பதினைந்து ஆண்டுகள் நிற்காமல் நடக்கும் அளவீட்டுக்கு ஒதுக்க வேண்டும். மருத்துவமனைகளும் பள்ளிகளும் முதலில் வர வேண்டும், ஏனென்றால் பாதிப்பு அங்கேதான் அதிகம், அளவீடோ அங்கேதான் மிகக் குறைவு. அந்தப் பணம் ஒரு பேராசிரியரின் பெயரில் இருக்கக் கூடாது; அவர் ஓய்வு பெற்றாலும் தொடரும்படி ஒரு பொது நிறுவனத்திடம் இருக்க வேண்டும். குழாய் வலையமைப்புகளைக் கணக்கிடும் ஈபாநெட் மென்பொருள் 1993இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையிலிருந்து இலவசமாக வெளிவந்து இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது என்றால், அதைப் பராமரிக்கும் பொறுப்பு ஒரு திட்டத்தோடு முடியாமல் ஒரு நிறுவனத்திடம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். தரவுக்கும் அதே ஏற்பாடு வேண்டும்.

மார்ச் 12

நான் அங்கம் வகிக்கும் நிதி மதிப்பீட்டுக் குழு, ஆய்வு முன்மொழிவுகளைக் கேட்டு விடும் அடுத்த அழைப்புக்கான வரைவு சுற்றுக்கு வந்திருக்கிறது. கட்டடத்துக்குள் இருக்கும் நீர் பற்றிய முன்மொழிவுகளை நீரியல் குழுவும் சுகாதாரக் குழுவும் ஒரே அமர்வில் சேர்ந்து மதிப்பிட வேண்டும் என்றும், வரவுசெலவுப் பட்டியலில் பராமரிப்புப் பணியாளரின் ஊதியத்துக்குத் தனித் தலைப்பு வேண்டும் என்றும் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன். முதலாவதற்கு எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன். இரண்டாவதற்கு, பிளம்பரின் கூலி ஆராய்ச்சிச் செலவாகுமா என்று இன்று காலையே கணக்குப் பிரிவிலிருந்து கேட்டுவிட்டார்கள். விடுதியின் இரவு ஓட்டப் பதிவையும், அடி ரப்பர் மாற்றிய மறுநாளின் பதிவையும் இணைத்துப் பதில் அனுப்பியிருக்கிறேன்.